வழவழப்பு மட்டும் போதாது: உராய்வைக் குறைக்கும் குழிகளும் கோடுகளும்

பிரித்துப் போட்ட எஞ்சினின் சிலிண்டர் லைனர் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளைக் குழாய்) கையில் கிடைத்தால், அதன் உள்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். அங்கே இருப்பதோ கோடுகள். ஒரு பக்கமாகச் சாய்ந்த கோடுகள் ஒரு கூட்டம், எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தவை இன்னொரு கூட்டம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் சின்னச் சின்ன வைரக் கட்டங்கள். விரல் நகத்தால் இழுத்தால் மெல்லிய சுரசுரப்பு தட்டுப்படும்.

தொழில் பழக ஆரம்பித்த நாட்களில் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கீறலையெல்லாம் எமரி போட்டு எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துட்டா ஆயில் எங்கடா நிக்கும்?" என்றார் மூத்த மெக்கானிக். பதிலுக்குப் பதிலாகக் கேள்வி. உராய்வைக் குறைப்பதற்காகப் பரப்பில் வேண்டுமென்றே குழியும் கோடும் போடும் முழுத் துறையையும் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கிவிடலாம். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங் அந்தச் சுவரில் வினாடிக்கு 100 முறை ஓடுகிறது. அத்தனை ஓட்டத்துக்கும் இடையில் எண்ணெய் எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும்?

வழவழப்பு ஏன் ஒட்டிக்கொள்கிறது

சுரசுரப்பு இருந்தால் உராய்வு, வழவழப்பாக்கினால் உராய்வு குறையும். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் படித்தோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க, அளவுக் கருவிகள் வைத்திருக்கும் அறைக்குப் போக வேண்டும். அங்கே ஸ்லிப் கேஜ் என்று செவ்வகமான சின்ன எஃகுக் கட்டிகள் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவீடனைச் சேர்ந்த யோஹான்சன் உருவாக்கியவை. அவற்றின் முகம் ஒரு மைக்ரானின் சிறு பகுதிக்குள் தட்டையாக இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு கட்டிகளைத் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றை அழுத்திச் சற்றே திருகித் தள்ளினால் போதும். பசையும் காந்தமும் இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். மேல் கட்டியைத் தூக்கினால் கீழ்க் கட்டியும் கூடவே வரும்.

காரணம் இதுதான். எந்தப் பரப்பையும் மிக அருகில் போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைப்பது, ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொன்றின் மேல் வைப்பது போல. சிகரங்கள் மட்டும் தொடும். உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிகச் சிறிய பங்குதான் என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் விளக்கினார்கள். அந்தச் சிகர நுனிகளில் உலோகமும் உலோகமும் நெருங்கி ஒட்டுகின்றன. நகர்த்தும்போது அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டியிருக்கிறது. உலர்ந்த உராய்வில் பெரும்பங்கு அதுவே. சிகரங்களை இழைத்து இழைத்துத் தட்டையாக்கினால் குத்திக் கிழிப்பது குறையும், நிஜம்தான். ஆனால் அளவு மீறினால் நெருங்கும் இடங்கள் பெருகும். நடுவே ஒரு துளி ஈரம் சிக்கினாலும் அது மெல்லிய படலமாகி இரண்டையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கணினி ஹார்டு டிஸ்க் செய்தவர்கள் இந்தத் தொல்லையை நேரடியாக அனுபவித்தார்கள். அதிகத் தகவலை அடைக்க வேண்டுமானால், படிக்கும் தலைப்பகுதி தட்டுக்கு மிக நெருக்கமாகப் பறக்க வேண்டும். அதற்குத் தட்டு மிகமிக வழவழப்பாக இருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் மின்சாரத்தை நிறுத்தியதும் தலைப்பகுதி தட்டின் மேல் இறங்கி உட்காரும், உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். மறுபடி இயக்கும்போது மோட்டாரால் தட்டைச் சுழற்றவே முடியாமல் போவதும் உண்டு. 1990களில் இதற்குக் கண்ட வழி அழகானது. தலைப்பகுதி இறங்கும் ஒரு வளையத்தில் மட்டும் லேசரால் வரிசை வரிசையாக நுண்ணிய மேடுகள். உயரம் சில பத்து நானோமீட்டருக்கு மேல் போகாது (ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தகவல் பதியும் மற்ற இடமெல்லாம் வழவழப்பாகவே இருந்தது. எங்கே வழவழப்பு, எங்கே மேடு பள்ளம் என்று இடம் பார்த்துப் பிரித்துக் கொடுத்ததால்தான் அது வேலை செய்தது.

மரக்கட்டையை வெளியே தள்ளிய எண்ணெய்

குழி எப்படி உதவுகிறது என்பதற்கு முன்னால், எண்ணெய் எப்படிச் சுமை தாங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு நல்ல சம்பவம் இருக்கிறது.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் அச்சின் மேல் கவிழ்த்த அரைவட்டப் பேரிங். அச்சின் அடிப்பக்கம் எண்ணெயில் நனைந்தபடி சுழலும். மேலிருந்து எண்ணெய் விடலாம் என்று பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளை போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் அதைத் தள்ளிவிட்டது. மரமுளையை அடித்துப் பார்த்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டியது. பேரிங்கின் மேல் இருந்த சராசரிச் சுமையோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

அந்த அச்சு உலோகத்தின் மேல் ஓடவே இல்லை. எண்ணெயின் மேல் மிதந்துகொண்டிருந்தது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். நகரும் பரப்பு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. செல்லும் வழி அகலத்திலிருந்து குறுகலுக்குப் போனால், ஆப்பு வடிவ இடுக்கில் எண்ணெய் நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் சுமையைத் தூக்குகிறது. நனைந்த சாலையில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் தரையை விட்டு எழும்பிப் பிடிமானம் இழப்பதும் இதே விஷயம்தான். அங்கே ஆபத்து, பேரிங்கில் அதுவே வரம்.

மூன்றுவித நிலை

1902இல் ஜெர்மனியின் ரிச்சர்டு ஸ்ட்ரைபெக் பேரிங்குகளின் உராய்வை வெவ்வேறு வேகத்திலும் சுமையிலும் அளந்து வெளியிட்டார். அவர் பெயரில் இன்றும் வழங்கும் வளைகோடு ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டு மாதிரி இருக்கும். இடது ஓரத்தில் வேகம் குறைவு, எண்ணெய் நீர்த்தது, சுமை அதிகம். படலம் உருவாகாமல் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. உராய்வுக் கெழு (உராய்வு விசையைச் சுமையால் வகுத்தால் வருவது) சுமார் 0.1. வலது பக்கம் போகப் போகப் படலம் எழும்புகிறது. கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் சிகரங்களுமாகச் சுமையைப் பங்கிடும் கலப்பு நிலை. இன்னும் வலப்பக்கம் போனால் முழுப் படலம், கெழு 0.01க்கும் கீழே, சில வேளை 0.001 வரை இறங்கும். அதற்கும் அப்பால் வேகம் கூடினால், எண்ணெயைக் கிழித்துக்கொண்டு போகவே சக்தி தேவைப்படுவதால் உராய்வு மறுபடி மெல்ல ஏறும்.

நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்று அறிய ஓர் எளிய வகுத்தல் உண்டு. எண்ணெய்ப் படலத்தின் தடிமனை இரண்டு பரப்புகளின் கூட்டுச் சுரசுரப்பால் வகுக்க வேண்டும். கூட்டுச் சுரசுரப்பு என்பது இரண்டையும் தனித்தனியே வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் காண்பது. ஒரு பரப்பு 0.3 மைக்ரான், இன்னொன்று 0.4 மைக்ரான் என்றால் கூட்டு 0.5. படலம் 0.4 மைக்ரான் என்றால் விகிதம் 0.8. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் உலோகம் உரசும். 3ஐத் தாண்டினால் முழுப் படலம். இடைப்பட்டது கலப்பு நிலை. இப்போது இரண்டு பரப்பையும் பாலிஷ் செய்து 0.1, 0.15 என்று இறக்கினால் கூட்டு சுமார் 0.18 ஆகும், அதே எண்ணெய்ப் படலத்துக்கு விகிதம் 2.2க்கு ஏறிவிடும். அதாவது வழவழப்பு நிச்சயம் உதவுகிறது. இதை மறைத்துவிட்டு "சுரசுரப்பே நல்லது" என்று சொன்னால் அது தவறான பாடம். சுமை தாங்கும் மேட்டுப்பகுதி வழவழப்பாக இருக்க வேண்டும். அதற்கு நடுநடுவே எண்ணெய் நிற்கப் பள்ளம் வேண்டும். ஒரே பரப்பில் இரண்டும் வேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் சவால்.

இங்கே, வரைபடங்களில் எழுதும் ஆர்ஏ என்ற சுரசுரப்பு அளவு நம்மை எப்படி ஏமாற்றும் என்று சொல்லியே ஆக வேண்டும். ஆர்ஏ என்பது சராசரிக் கோட்டிலிருந்து மேடு பள்ளங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதன் சராசரி. ஒரு சமவெளியில் ஆங்காங்கே கிணறு வெட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சமவெளியில் அதே எண்ணிக்கையில், அதே அளவில் கோபுரங்கள். முதலாவதைத் தலைகீழாகப் புரட்டினால் இரண்டாவது வந்துவிடும். இரண்டுக்கும் ஆர்ஏ ஒன்றேதான்! ஆனால் முதலாவது பரப்பு சுமையை அகலமாகத் தாங்கி, கிணறுகளில் எண்ணெய் வைத்திருக்கும். இரண்டாவது அரம் மாதிரி எதிர்ப்பரப்பை அறுக்கும். "ஆர்ஏ 0.4" என்று மட்டும் எழுதிய வரைபடம் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒரே அளவு காட்டும் இரண்டு பாகங்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடி, இன்னொன்று சில மணி நேரத்தில் சூடேறிப் பிடித்துக்கொண்டால் இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். 1933இல் அபாட்டும் ஃபயர்ஸ்டோனும் கொடுத்த வளைகோடு இதைப் பிரித்துக் காட்டும். பரப்பை மேலிருந்து கீழாக மெல்லிய அடுக்குகளாகச் சீவினால், ஒவ்வோர் ஆழத்திலும் எத்தனை சதவீதம் உலோகம் இருக்கிறது என்பதே அது. மேட்டின் தன்மையும் பள்ளத்தின் கொள்ளளவும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

லைனருக்கு இப்போது திரும்பலாம். முதலில் முரட்டுக் கல்லால் உள்சுவரைத் தேய்த்து (இதற்கு ஹோனிங் என்று பெயர்) ஆழமான கோடுகள் போடுகிறார்கள். பிறகு நுண்ணிய கல்லால் சிகரங்களை மட்டும் சீவிவிடுகிறார்கள். கோட்டின் அடி அப்படியே இருக்கும். மேல்பக்கம் மேசை மாதிரி தட்டையாகிவிடும். பிளாட்டோ ஹோனிங் என்பது இதுதான். இந்த இரண்டாம் படி இல்லாத எஞ்சின்களில், புதிய எஞ்சினை ஓட்டிப் பழக்கும் ரன்னிங் இன் காலத்தில் ரிங்குகள் ஓடி ஓடி அந்தச் சிகரங்களைத் தேய்த்து எடுக்கும். தேய்ந்த துகளெல்லாம் ஆயிலில் கலக்கும். கோடுகளின் சாய்வுக்கும் கணக்கு உண்டு. பல எஞ்சின்களில் இரு கூட்டங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 45 முதல் 60 டிகிரி. ரொம்பச் செங்குத்தாகச் சாய்ந்தால் எண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடும். ரொம்பப் படுத்துவிட்டால் எண்ணெய் தேவைக்கு மேல் தங்கி எரியத் தொடங்கும். பல காலம் ஓடி கோடுகள் மறைந்து பளபளவென்று ஆன லைனரை "கிளேஸ் ஆயிடுச்சு" என்று கழித்துப் பேசுவதற்கும் அர்த்தம் இருக்கிறது. அந்தப் பளபளப்பில் எண்ணெய் நிற்க இடமில்லை.

ஒரு குழிக்குள் என்ன நடக்கிறது

கோடுகளிலிருந்து குழிகளுக்கு வருவோம். லேசரால் பரப்பில் வரிசையாகப் போடும் வட்டக் குழியின் வாய் பெரும்பாலும் 100 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடி ஒன்றைவிடக் கொஞ்சம் அகலம். ஆழம் 5 முதல் 10 மைக்ரான். குழி என்றதும் கிணறு போன்ற உருவம் மனதில் வந்தால் அழித்துவிடுங்கள். ஒரு மீட்டர் அகலமுள்ள குழி என்று பெரிதாக்கிப் பார்த்தால் ஆழம் 5 முதல் 10 சென்டிமீட்டர்தான் வரும். விளிம்பு வைத்த தாம்பாளம் என்று சொல்லலாம்.

அந்தத் தாம்பாளத்தின் மேல் எதிர்ப்பரப்பு எண்ணெயை இழுத்தபடி நகர்கிறது. குழிக்குள் நுழையும்போது எண்ணெய்க்கு இடம் விரிகிறது, அழுத்தம் இறங்கும். வெளியேறும் விளிம்பில் இடம் குறுகுகிறது. டவர் கண்ட அதே நெருக்கடி, அழுத்தம் ஏறும். இறங்கியதும் ஏறியதும் சமம் என்றால் கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இந்த மாதிரி இடுக்கில் எண்ணெயின் அழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்க முயன்றால் எண்ணெய் கிழிந்து, அதில் கரைந்திருந்த காற்றும் ஆவியும் குமிழாகிவிடும். அதனால் நுழையும் பக்கத்தில் இறக்கம் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. வெளியேறும் பக்கத்து ஏற்றத்துக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. ஏற்றம் இறக்கத்தை வென்று, ஒவ்வொரு குழியும் ஒரு குட்டி பேரிங் ஆகிவிடுகிறது. தட்டையான இரண்டு இணைப்பரப்புகளுக்கு இடையில் ஆப்பு வடிவமே இல்லாதபோதும் சுமை தூக்கும் படலம் எப்படி உண்டாகிறது என்ற புதிருக்கு ஹாமில்டன், வாலோவிட், ஆலன் மூவரும் 1966இல் சொன்ன விளக்கம் இதுதான். அதே 1966இல்தான் உராய்வு, தேய்மானம், மசகு மூன்றையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு 'டிரைபாலஜி' என்ற பெயரே அறிமுகமானது. தேய்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

குழிக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. எண்ணெய் வற்றும் நேரத்தில் சேமித்ததைக் கொடுக்கும். தேய்ந்து விழும் துகளைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, அது மறுபடி மறுபடி பரப்பை உழுவதைத் தடுக்கும். எண்ணெயே இல்லாத உலர்ந்த உராய்விலும் இந்தப் பலன் கிடைக்கும். ஹார்டு டிஸ்க்கில் பார்த்தது போல ஒட்டும் பரப்பையும் குறைக்கும்.

சேமிப்பு என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுவிடுவோம். 100 மைக்ரான் அகலக் குழிகள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 250 மைக்ரான். ஒரு சதுர சென்டிமீட்டரில் 40க்கு 40, மொத்தம் 1,600 குழிகள். பரப்பில் சுமார் 12.5 சதவீதம் குழி, மீதி 87.5 சதவீதம் சுமை தாங்கும் மேடை. ஆழம் 5 மைக்ரான், அடி தட்டை என்று வைத்தால் 1,600 குழிகளும் சேர்ந்து கொள்ளும் எண்ணெய் 0.063 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டு எண்ணெய் சுமார் 50 கன மில்லிமீட்டர் இருக்கும். அப்படியானால் ஒரே சொட்டு ஏறத்தாழ 800 சதுர சென்டிமீட்டர் பரப்பிலுள்ள குழிகளை நிரப்பிவிடும். ஏ4 தாளைவிடப் பெரிய பரப்பு அது. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் உரசும் இடத்தில் தேவைப்படும் படலம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த அளவுக்கு இது தாராளம்.

வடிவமைப்பு என்பது எங்கே தொடங்குகிறது

குழியின் அகலம், ஆழம், இடைவெளி என்று எண்களிலிருந்து தொடங்குவது ஆரம்ப நிலையில் எல்லோரும் செய்யும் பிழை. நான் பரிந்துரைப்பது வேறு வரிசை. முதலில் தொடும் இடத்தின் வடிவத்தைப் பாருங்கள். தட்டையோடு தட்டை, வளையத்தோடு உருளை என்று அகலமாகத் தொடுகிறதா? சுழலும் அச்சின் ஓரமாகத் திரவம் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், அச்சின் நீளவாக்கில் வரும் தள்ளுதலைத் தாங்கும் திரஸ்ட் பேரிங், பிஸ்டன் ரிங் எல்லாம் இந்த வகை. குழிகள் நன்றாக வேலை செய்யும் களம் இதுதான். இல்லை, பல்சக்கரத்தின் பல்லும் பால் பேரிங்கின் குண்டும் போலக் கோடாகவோ புள்ளியாகவோ தொடுகிறதா? அங்கே அழுத்தம் ஒரு கிகாபாஸ்கலையும் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு) தாண்டும். படலமோ ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. 10 மைக்ரான் குழி ஒன்று அதன் அடியில் வந்தால், தாங்கிக்கொண்டிருந்த எண்ணெய் குழிக்குள் சரிந்து படலமே உடைந்துபோகும். குழியின் விளிம்பில் தகைவு குவிந்து விரிசலும் தொடங்கலாம். அங்கே குழி போடுவதானால் மிகமிக ஆழம் குறைவாக இருக்க வேண்டும். பல நேரம் வழவழப்பாக விட்டுவிடுவதே சரி.

அகலமாகத் தொடும் இடங்களிலும் ஒரு விதி தவறாது: குழி, தொடும் பகுதியைவிடச் சிறியதாக, முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். ரிங்கின் முகத்தில் உண்மையாகத் தொடும் பட்டையின் அகலத்தைவிட நீளமான குழி போட்டால், அது இரண்டு பக்கமும் திறந்த வாய்க்கால். அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். கோடுகளின் திசைக்கும் இதே நியாயம். ஓட்டத்தின் போக்கிலேயே நீண்ட கோடு எண்ணெயை வெளியே வழிய விடும். குறுக்கே போட்ட கோடு நிறுத்தி வைக்கும்.

எங்கே குழி போடக் கூடாது என்பதும் வடிவமைப்புதான். திரஸ்ட் பேரிங்கின் தட்டையான முகம் முழுக்கக் குழி போடுவதைவிட, எண்ணெய் நுழையும் பக்கத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் போட்டு, வெளியேறும் பக்கத்தை வழவழப்பாக விடுவது பல சமயம் அதிகச் சுமையைத் தூக்கும். குழிகள் உள்ள பகுதியில் எண்ணெய்க்குச் சராசரியாக இடம் அதிகம். வழவழப்பான பகுதியில் குறைவு. ஆகவே அது ஒரு படிக்கட்டு மாதிரி செயல்பட்டு எண்ணெயை அணை கட்டி நிறுத்துகிறது. லார்டு ராலே 1918இல் கணக்கிட்டுக் காட்டிய 'படிக்கட்டு' பேரிங்கின் தத்துவமே இங்கே நூற்றுக்கணக்கான குழிகளின் கூட்டு முயற்சியாகத் திரும்பி வருகிறது.

அடுத்து, ஸ்ட்ரைபெக் கிண்ணத்தில் உங்கள் பாகம் எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. வேகம் பூஜ்ஜியம், படலம் சரியும் இடம். நடுவழியில் வேகம் உச்சம். படலம் தடிமனாக இருக்கும். சேமித்த எண்ணெய் உதவுவது திரும்பும் இடங்களில். ஏற்கெனவே முழுப் படலத்தில் மிதக்கும் பாகத்தில் குழி போட்டு அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். பலன் இல்லாமலும் போகலாம், உராய்வு சற்றுக் கூடவும் செய்யலாம். குழிகளின் உண்மையான பயன் கலப்பு நிலையில்தான். இதை முதலில் சரிபார்க்காமல் லேசர் வேலைக்குக் கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

கோல்ஃப் பந்தின் குழிகளோடு இதைக் குழப்பிக்கொள்வதையும் அடிக்கடி பார்க்கிறேன். பந்தின் குழிகள் செய்வது, பந்தைச் சுற்றிப் போகும் காற்று சீக்கிரம் விலகாமல் ஒட்டிப் போக வைப்பது. அது காற்றின் இழுவை. இரண்டு பரப்புகளுக்கு நடுவே நெரிபடும் எண்ணெயின் கதை வேறு.

செய்யும் முறையும் விளிம்பில் நிற்கும் மேடும்

1990களில் இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இஸாக் எட்சியன் குழுவினர் மெக்கானிக்கல் சீல்களில் லேசர் குழிகளைப் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்தத் துறை வேகம் எடுத்தது. பிறகு பிஸ்டன் ரிங்குகளுக்கும் போனார்கள். லேசர் குழிகள் போட்ட ரிங்குகளை டீசல் எஞ்சினில் பொருத்திச் சோதித்ததில் எரிபொருள் செலவு 4 சதவீதம் வரை குறைந்ததாக 2009இல் வெளியிட்டார்கள். 4 சதவீதம் சின்னதாகத் தோன்றினால் இதையும் சேர்த்துப் பாருங்கள்: உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் சுமார் 20 சதவீதம் உராய்வை வெல்லவே போகிறது என்று 2017இல் ஹோல்ம்பெர்கும் எர்தெமிரும் மதிப்பிட்டிருக்கிறார்கள். தேய்ந்த பாகங்களைத் திரும்பச் செய்ய இன்னும் 3 சதவீதம்.

லேசர் துடிப்பு ஒன்று உலோகத்தில் விழுந்தால் அந்த இடம் உருகி ஆவியாகும். உருகியதில் கொஞ்சம் வெளியே தெறித்துக் குழியின் விளிம்பைச் சுற்றி மேடாக உறைந்துவிடும். வானிலிருந்து விழுந்த கல்லின் பள்ளத்தைச் சுற்றி மண் குவிந்திருப்பது மாதிரி. அந்த மேடு சில மைக்ரான் இருந்தாலே படலத்தைவிட உயரம். மேலும் உருகி உறைந்த எஃகு கடினமாக இருக்கும். லேப்பிங் செய்து, அதாவது நுண்பொடி வைத்துத் தேய்த்து, அதை எடுக்காமல் பொருத்தினால், நாம் போட்டது எண்ணெய்க் குழி அல்ல, எதிர்ப்பரப்பை அறுக்கும் ஆயிரம் வளையப் பற்கள். குழிகள் போட்டும் உராய்வு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: விளிம்பை எடுத்தீர்களா? ஃபெம்டோ வினாடி அளவுக்குக் குறுகிய துடிப்புள்ள லேசரில், உருகுவதற்கு முன்பே உலோகம் ஆவியாகிவிடுவதால் இந்த மேடு மிகவும் குறையும். ஆனால் இயந்திரத்தின் விலை கூடுதல்.

லேசர்தான் வேண்டும் என்றில்லை. அமிலத்தால் அரிக்கலாம், மின்வேதி முறையில் கரைக்கலாம், சிறு குண்டுகளை வீசி அடிக்கலாம், புடைப்புள்ள உருளையால் அழுத்தலாம். கார்களின் உடல் தகடுகளை உருட்டும் உருளைகளில் மின்பொறியால் நுண்குழிகள் போட்டு, அந்தத் தடத்தைத் தகட்டில் பதிய வைக்கிறார்கள். அச்சில் அழுத்தும்போது அதில் எண்ணெய் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி கையால் செய்யும் ஸ்கிரேப்பிங். கடைசல் இயந்திரமான லேத்தின் படுக்கையையும் மேலே நகரும் பகுதியையும் கையாலேயே பொருத்தும் வேலை. மிகத் தட்டையான சர்ஃபேஸ் பிளேட்டில் நீலச் சாயத்தை மெல்லியதாகத் தடவி, பாகத்தை அதன் மேல் தேய்த்து எடுத்தால், உயர்ந்த இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலப் புள்ளிகளை மட்டும் ஸ்கிரேப்பரால் ஒரு தள்ளு. மறுபடி நீலம், மறுபடி தள்ளு. கடைசியில் பரப்பு முழுக்க நெருக்கமாகப் பரவிய தொடும் புள்ளிகள். அவற்றுக்கு நடுவே சில மைக்ரான் ஆழமுள்ள எண்ணெய்ப் பள்ளங்கள். இரண்டு பக்கமும் கிரைண்டிங் செய்து கண்ணாடி போல் பொருத்திய சறுக்குப் பாதை மெதுவாக நகரும்போது பிடித்துப் பிடித்துக் குதிக்கும். ஸ்கிரேப் செய்தது வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் எங்கே நிற்கும் என்று நுண்ணோக்கி இல்லாமலே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள்.

குழி போட்ட பாகத்தை முதல் சோதனை ஓட்டத்துக்குப் பிறகு கழற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது, அழுத்தமானியும் உராய்வு அளவும் சொல்லாததைச் சொல்லும். குழிகளுக்கு நடுவே உள்ள மேடையில் பழைய பாலிஷ் கோடுகள் அப்படியே இருந்தால் படலம் தாங்கியிருக்கிறது. ஓட்டத்தின் திசையில் புதிய பளபளக் கீறல்கள் ஓடினால் உலோகம் தொட்டிருக்கிறது. குழியின் அடியில் கருப்பாகத் துகள் அடைந்திருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் வாய் வரை நிரம்பியிருந்தால் இனி எண்ணெய்க்கு இடமில்லை, எண்ணெய் வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கக் குழிகள் மங்கி மறுபக்கக் குழிகள் புதிதாக இருந்தால் பாகம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. குழியின் மீதமுள்ள ஆழத்தையும் அளந்து எழுதி வையுங்கள். போட்டபோது 8 மைக்ரான் இருந்தது இப்போது 6.5 என்றால், அந்த இடத்தில் 1.5 மைக்ரான் தேய்ந்திருக்கிறது.